பன் மாஸ்டரின் உபவாசம்

அப்பாவின் அடக்க ஆராதனையில் பேசியவர்கள் அவரை ஜெப வீரர் என்றார்கள். ஊழியத்துக்காகத் தன்னையே வருத்திக்கொண்டவர் என்றார்கள். இரண்டும் முழு உண்மை இல்லை. ஜெபத்தில் பாதி நேரம் அப்பா தூங்கிவிடுவார். பேக்கரிக்காரருக்கு விடிவதற்குள் பாதி வேலை முடிந்துவிடுகிறது. போதகர் கண்களை மூடச் சொன்னால் அப்பா அதை அப்படியே கடைப்பிடிப்பார். அம்மா முழங்கையால் இடிப்பாள். அப்பா விழித்துக்கொண்டு உரக்க ஒரு ஆமென் சொல்லிச் சமாளிப்பார். சில நாள் அது போதகர் அறிவிப்பு வாசிக்கும்போது வந்து விழும்.

தன்னை வருத்திக்கொண்டது மட்டும் ஒருமுறை நடந்தது. அதுவும் பாதியில் நின்றுபோனது. சபையில் சொல்லப்படும் கதையில் அந்தப் பாதி இல்லை. அங்கே இருந்த எங்கள் வீட்டு நாலு பேரில் அம்மா போய்விட்டாள், அப்பாவும் போன மாதம் போய்விட்டார். அக்காவுக்கு எழுத நேரமில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அப்பா எந்த பேக்கரியில் ட்ரே கழுவச் சேர்ந்தாரோ அதே பேக்கரியில் தலைமை மாஸ்டராக ஓய்வு பெற்றார். நடுவில் முதலாளி மாறினார், கூரை மாறியது, விறகு அடுப்பு போய் டீசல் அடுப்பு வந்தது. கேக், ரஸ்க், பிஸ்கட் என்று எல்லாமே செய்தாலும் எங்கள் தெருவுக்கு அவர் பன் மாஸ்டர். கைகளில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ட்ரே விளிம்பு சுட்ட கோடுகள் இருக்கும். குளித்துவிட்டு வந்தாலும் காதின் மடிப்பில் கொஞ்சம் மாவு மிச்சமிருக்கும். வீட்டில் அதிகம் பேச மாட்டார். பேக்கரியில் நிறையப் பேசுவார் என்று அவருடன் வேலை செய்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

தொழிலில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்க்காமல் கடைக்கு அனுப்ப மாட்டார். கண்ணுக்கு நிறம் தெரியும், கைக்குப் பதம் தெரியும், உப்பு நாக்குக்கு மட்டும்தான் தெரியும் என்பார். அவர் சொல்லி நான் கேட்ட தொழில் ரகசியம் அது ஒன்றுதான்.

ஊழியப் பயணம் அம்மாவின் வழியாக வந்தது. அம்மா ஞாயிறு பள்ளியில் பாட்டு சொல்லிக் கொடுப்பவள். பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் சபையிலிருந்து ஒரு குழு கல் குவாரிக்குப் போகும். அங்கே கல் உடைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, சாப்பாடு. ஆரம்பத்தில் இரண்டு வேன் போனதாம். பிறகு ஒரு வேன். நான் எட்டாம் வகுப்பு முடித்த வருடம் வேனில் நாங்கள் நாலு பேரும் போதகரும் மட்டுமே. மற்றவர்களுக்குக் கல்யாணம், காய்ச்சல், வெளியூர் வேலை என்று வந்துவிட்டது. எங்களுக்கும் காரணம் இருந்தது. சொல்லியிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்திருந்தது. ஊசி போட்டு அதிலிருந்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பதில் வர நாளாகும் என்றார் டாக்டர். வீட்டில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பதற்குப் பதில் போய்ப் பாடிவிட்டு வரலாம் என்று அம்மா முடிவு செய்தாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அங்கே போய் யாரும் தன் கழுத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளைகளைப் பார்க்க வந்த இடத்தில் தன்னைப் பார்த்துப் பரிதாபப்படும் கூட்டம் வேண்டாம் என்றாள். சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

வேன் கிளம்பும் முன் போதகர் ஜெபித்தார். முடிந்ததும், யாரும் எதிர்பார்க்காதபடி, அப்பா தானாகப் பேசினார். வேனின் கதவைப் பிடித்தபடி, இந்த நிமிடத்திலிருந்து திரும்பி வந்து வீட்டு வாசலை மிதிக்கும் வரை தண்ணீரைத் தவிர எதுவும் உட்கொள்வதில்லை என்று பொருத்தனை செய்தார். அம்மாவின் பரிசோதனை நல்லபடியாக வர வேண்டும் என்பதற்காக. போதகர் அப்பாவின் தலையில் கை வைத்தார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் கடவுளிடம் சொல்லியாகிவிட்டது, இனி பேச ஒன்றுமில்லை. அக்கா மட்டும் என் காதில், சாப்பிடாமல் இருந்தால் அப்பா ஜெபத்தில் இன்னும் சீக்கிரம் தூங்கிவிடுவார் என்றாள்.

குவாரி என்று சொன்னாலும் நாங்கள் போனது குவாரிக்குப் பின்னால் இருந்த குடியிருப்புக்கு. நீலத் தார்ப்பாய் போட்ட குடிசைகள் இரண்டு வரிசை. நடுவில் லாரி போகிற பாதை. எதைத் தொட்டாலும் விரலில் கல்தூள் ஒட்டும். பிள்ளைகளின் தலைமுடிகூட நரைத்த மாதிரி இருக்கும். கையைத் தட்டிப் பாடச் சொன்னால் கையிலிருந்து புகை கிளம்பும். மேஸ்திரி எங்களுக்குத் தங்க ஒரு தகரக் கொட்டகை கொடுத்திருந்தார்.

அந்தக் குடியிருப்பில் முதலாளி, மேஸ்திரி இருவருக்கும் மேலே ஒரு அதிகாரம் இருந்தது. எல்லோரும் அவரைத் தண்ணியக்கா என்றார்கள். தண்ணீர் லாரி வந்தால் குழாயைப் பிடித்து யாருக்கு எத்தனை குடம் என்று தீர்மானிப்பவர். ஒல்லியான உடம்பு, பெரிய குரல். நாங்கள் இறங்கியதும் அம்மா பிள்ளைகளுக்கு சோப்பு கொடுத்தாள். சபையில் சேர்த்து அனுப்பிய சோப்பு. தண்ணியக்கா ஒன்றை வாங்கி முகர்ந்து பார்த்தார். வாசனை நல்லாத்தான் இருக்கு, ஒவ்வொரு சோப்புக்கும் கூடவே ஒரு லாரி தண்ணியும் அனுப்பிடச் சொல்லுங்க என்றார். அம்மா சிரித்துவிட்டாள். பிறகு தண்ணியக்கா அப்பாவின் காதில் இருந்த மாவைப் பார்த்து, இவர் எந்தக் குவாரி என்று கேட்டார். அதற்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

பன்னை வீட்டிலிருந்தே சுட்டு எடுத்து வந்திருக்கலாம். அப்பா கேட்கவில்லை. சூடாகக் கொடுத்தால்தான் பன், ஆறிப்போனதைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றார். ஒரு எண்ணெய் டிரம்மைப் படுக்க வைத்து, சுற்றிலும் மண் பூசி, கீழே நெருப்பு போட்டு அடுப்பாக்கினார். மறுநாள் காலையில் மாவு பிசைந்தார். முந்தைய நாளிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்த உடம்பு. நடுநடுவே நிறுத்தி மேசையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். வாசனை கிளம்பியதும் அம்மாவின் பாட்டு வகுப்பு கலைந்துவிட்டது. அக்கா படகோட்டுகிற பாட்டுக்குக் கையை ஆட்டிக்கொண்டு தனியாக நின்றாள். பிள்ளைகள் எல்லாம் டிரம்மைச் சுற்றி.

முதல் ஈடு வந்ததும் போதகர் ஜெபித்தார், நாங்கள் கொடுத்தோம். பிள்ளைகள் வாங்கினார்கள். ஆனால் யாரும் வாயில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் பன்னைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் அவர்களுடைய அம்மாக்கள் நின்றார்கள். ஒரு குட்டிப் பெண் பன்னை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு வாசனை மட்டும் பிடித்தது.

போதகருக்குப் புரியவில்லை. சாப்பிடுங்க, சாப்பிடுங்க என்றார். தண்ணியக்கா முன்னால் வந்தார். அப்போதுதான் அந்த இடத்தின் வழக்கம் எங்களுக்குத் தெரிந்தது. முந்தின வருடம் மழைக்குப் பிறகு யாரோ வண்டியில் வந்து பால்பவுடர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்லவர்கள்தான், பாட்டும் பாடினார்களாம். பவுடர் கெட்டுப்போயிருந்தது. வாந்தியும் பேதியுமாகி இரண்டு குழந்தைகள் போய்விட்டன. அதிலிருந்து யார் எது கொண்டுவந்தாலும், செய்தவர் முதலில் தின்று காட்ட வேண்டும். பிறகுதான் பிள்ளைகள்.

போதகர் உடனே ஒரு பன்னை எடுத்துத் தின்றார். அருமை என்றார். இன்னொன்றும் தின்றார். அம்மாவும் அக்காவும் நானும் தின்றோம். பெண்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"நீங்க சாப்பிடுவீங்க ஐயா, உங்க பொழப்பு அது" என்றார் தண்ணியக்கா. "செஞ்சவர் ஏன் சாப்பிடல? நேத்து வந்ததுலேர்ந்து பாக்கறேன், அந்த மனுசன் ஒரு வாய் வைக்கல."

போதகர் உபவாசம் என்றால் என்ன என்று விளக்கினார். நல்ல விளக்கம்தான், வயிற்றை ஒடுக்கி மனதைக் கடவுளிடம் திருப்புவது என்று எளிமையாகச் சொன்னார். தண்ணியக்கா முடியும்வரை கேட்டார்.

"பட்டினி எங்களுக்குத் தெரியாதா ஐயா? நாங்க யாரும் ஆசைப்பட்டு இருக்கறதில்ல, அவ்வளவுதான். சோறு போட வந்த எடத்துல இவர் ஏன் பட்டினி கெடக்கறாரு? அதச் சொல்லுங்க."

அதைத்தான் சொல்ல முடியாது. போதகர் அம்மாவைப் பார்த்தார், அம்மா தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். போதகர் அப்பாவைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார். நான் பின்னாலேயே போனதால் கேட்டது. பொருத்தனை பெரிய விஷயம், கடவுள் முன் சொன்ன வார்த்தை, அவசரப்பட வேண்டாம் என்றார். இவர்கள் இன்றைக்குச் சாப்பிடாவிட்டால் நாளைக்குச் சாப்பிடுவார்கள் என்றார். அப்பா திரும்பிப் பார்த்தார். பின்னால் பிள்ளைகள் சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சில அம்மாக்கள் பன்களைத் திரும்ப வாங்கி ட்ரேயில் அடுக்க ஆரம்பித்தார்கள். பன்னை விட மனசில்லாத பையன் ஒருவனின் விரலை அவன் அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

அப்பா வந்து ட்ரேயின் முன் நின்றார். ஒரு பன்னை எடுத்தார். அம்மாவைப் பார்த்தார்.

அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்னைப் பாக்காதீங்க" என்றாள். "என்னைப் பாத்தா உங்களால சாப்பிட முடியாது."

அப்பா பிய்த்து வாயில் வைத்தார். மென்றார். நெற்றி சுருங்கியது. பெண்கள் கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. தண்ணியக்கா கையை நீட்டிப் பிள்ளைகளைத் தடுத்தார்.

"என்ன மாஸ்டர்? மொகம் போற போக்கே சரியில்லையே?"

அப்பா விழுங்கினார். "உப்பு போட மறந்துட்டேன்" என்றார்.

ருசி பார்க்காமல் அவர் அனுப்பிய முதல் ஈடு அதுதான். தண்ணியக்கா மெதுவாகப் போதகர் பக்கம் திரும்பி, "ஐயா ரெண்டு தின்னாரே, அருமைன்னாரே" என்றார். பெண்கள் சிரித்தார்கள். பன் சுடுவதைக் காலையிலிருந்து வேடிக்கை பார்த்த பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தன. பன்னில் குறை இருக்கிறது என்று செய்தவனே சொன்னதும் அவர்களுக்குச் சந்தேகம் போய்விட்டது. நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். இருந்தாலும் தண்ணியக்கா விதியை விடவில்லை. முழுசாத் தின்னணும், கன்னத்துல ஒதுக்கி வச்சு ஏமாத்தக் கூடாது என்றார். அப்பா முழுப் பன்னையும் தின்று, டாக்டரிடம் காட்டுவது போல வாயைத் திறந்து காட்டினார். தொண்டை அடைத்துவிட்டது. தண்ணியக்காவே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பிள்ளைகள் உப்பில்லாத பன்னைத் தின்றார்கள். ஒரு துணுக்கு மிஞ்சவில்லை.

அடுத்த ஈட்டிலும் செய்தவர் தின்ன வேண்டும். அதற்கடுத்த ஈட்டிலும். தண்ணியக்கா ஒரு ஈட்டுக்கும் சலுகை தரவில்லை. உபவாசம் இருக்க வந்த அப்பாதான் எங்களில் அதிகம் தின்றவர். மறுநாளும் அப்படியே. திரும்பி வரும் வேனில் போதகர் முன் சீட்டில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்பா அம்மாவின் பக்கத்தில் உட்காராமல் காலி ட்ரேக்களோடு பின்னால் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பயணத்தின் சாட்சி சொல்ல வேண்டும். போதகரே சொன்னார். முதலில் பிள்ளைகள் உணவை வாங்க மறுத்ததையும், குழுவில் ஒருவர் உபவாசத்தோடு நின்றதையும், பிறகு கடவுள் அந்தத் தாய்மார்களின் உள்ளத்தைத் திறந்ததையும் சொன்னார். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்பா தின்றதை மட்டும் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார். சபையே திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தது. அன்றைக்கு அப்பா தூங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். கட்டி நல்லதில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்குக் குரல் போய்விட்டது. முழுவதும் போகவில்லை, ஆனால் பாட்டுக்கு ஆகிற குரல் இல்லை, தாளைக் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம். கட்டுப் பிரித்த அன்று நான் கட்டிலின் கால்மாட்டில் இருந்தேன். அப்பா நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில், நான்தான் தின்னுட்டேன் என்றார். வேறு முன்னுரை எதுவும் இல்லை. அம்மாவுக்குப் புரிந்தது.

அம்மா அவரைக் கிட்டே வரச் சொன்னாள். அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

"அப்ப பசிச்சுதா?"

அப்பா யோசித்தார். "பசிச்சுது" என்றார்.

"அப்பச் சரி" என்றாள் அம்மா. பிறகு பேசக் கூடாது என்று நர்ஸ் வந்து சத்தம் போட்டாள்.

அம்மாவைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது. அப்பாவைப் பொறுத்தவரை முடியவில்லை என்று எங்களுக்குத் தெரியும். அவர் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு எதற்காகவும் பொருத்தனை செய்யவில்லை. சபையில் உபவாச ஜெபம் என்றால் வருவார், பின்வரிசையில் உட்காருவார், முடிந்ததும் முதல் ஆளாகப் போய்விடுவார். அம்மா மருத்துவமனைக்குப் போகும் நாள்களில் பேக்கரியில் உப்பு டப்பாவைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பாராம். போட்டோமா இல்லையா என்று உதவியாளரிடம் கேட்டுக்கொண்டே இருப்பாராம்.

ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் குவாரிக்குப் போவது நிற்கவில்லை. அம்மாவும் வந்தாள். அக்கா பாட, அம்மா கைதட்டித் தாளம் கொடுத்தாள். இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகள் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று போதகர் அறிக்கைக்காகக் கேட்பார். அப்பா எத்தனை ட்ரே போனது என்று சொல்வார். அந்தப் பயணங்களால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது. சிலர் பள்ளிக்கூடம் போனார்கள். பெரும்பாலானவர்கள் கல் உடைக்கப் போனார்கள். ஒரு பெண் மட்டும் எங்கள் பாட்டுகளை மறக்காமல் தன் பிள்ளைக்குத் தாலாட்டாகப் பாடுகிறாள். வார்த்தைகள் பாதி மாறிவிட்டன.

கட்டி திரும்ப வந்தது. இந்த முறை கத்தி வைக்க இடமில்லை என்றார்கள். அக்கா முதல் வேலையில் சேர்ந்த வருடம் அம்மா இறந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் தண்ணியக்கா வந்தார். குவாரியிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். கூட இன்னும் இரண்டு பெண்கள். அப்பா கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அடக்கத்தன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. யாராவது தட்டைக் கொண்டுபோனால் அப்புறம் என்பார். வந்த பெண்களை அக்கா சமையலறைக்குக் கூட்டிப்போய்த் தேநீர் கொடுத்தாள். அங்கே பேச்சுவாக்கில் பழைய கதையைச் சொல்லிவிட்டாள். கழுத்துக் கட்டி, பொருத்தனை, எல்லாவற்றையும். தண்ணியக்காவுக்கு அன்றுவரை தெரியாது.

அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். அப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய குரல் அன்று இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாஸ்டர்? இன்ன மாதிரி, சம்சாரத்துக்கு முடியல, அதுக்காகத்தான் இருக்கேன்னு. நாங்க என்ன மனுசங்க இல்லையா? விட்டிருப்போமே."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வருடம் அவர் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை யாரோ எதிரில் உட்கார்ந்து கேட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

"என்னைத் தின்னச் சொல்லாம விட்டிருப்பீங்க" என்றார். "பிள்ளைங்களத் தின்ன விட்டிருப்பீங்களா?"

தண்ணியக்கா ஆறுதலுக்காக ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். துக்க வீட்டில் அப்படிச் சொல்வது தப்பில்லை. அவர் யோசித்தார். கூட வந்த பெண்களைப் பார்த்தார். அவர்களில் ஒருத்தி, அந்தப் பால்பவுடரால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று பிறகு தெரிந்தது.

"இல்ல மாஸ்டர்" என்றார். "பாவம்னு சொல்லிட்டுப் போயிருப்போம். பன்ன ட்ரேலயே வச்சிருப்போம்."

அப்பா தலையை ஆட்டினார். இரண்டு மூன்று முறை ஆட்டினார். அவருக்கு வேண்டியிருந்தது மன்னிப்பு இல்லை, அம்மா அதை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டாள். அன்றைக்கு வேறு வழி இருந்ததா என்று மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைச் சொல்லக்கூடிய ஆள் தண்ணியக்கா ஒருவர்தான்.

கடைசி பஸ் போய்விடும் என்று அவர்கள் எழுந்தார்கள். அப்பாவும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு அவர்களோடு பஸ் நிறுத்தம் வரை போனார். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து கைகால் கழுவினார். சமையலறை வாசலில் நின்று, அக்காவிடம் சோறு போடச் சொன்னார்.